எலும்பு ஏற்ற உலோகம்

நுழையும்முன்

பல் விழுந்து பொக்கை வாயாவதை முதுமையின் இயல்பு என்று உலகம் நெடுங்காலம் ஏற்றுக்கொண்டிருந்தது. விழுந்த பல்லுக்கு ஈடாகப் பல் கட்டிக்கொண்டவர்களும் அதைக் கழற்றி வைத்துவிட்டே உறங்கினார்கள். எலும்பிலேயே ஊன்றி நிற்கும் செயற்கைப் பல்லை உருவாக்க இயலாது என்பது மருத்துவ உலகின் உறுதியான முடிவாக இருந்தது. அம்முடிவை மாற்றிய ஆய்வு, பல்லைப் பற்றியதாகத் தொடங்கவில்லை. முயலின் கால் எலும்புக்குள் குருதி ஓடும் விதத்தைக் காண விரும்பிய ஒருவர், எடுக்க முடியாமல் எலும்பில் சிக்கிக்கொண்ட ஓர் உலோகத் துண்டைக் கண்டு வியந்தார். அந்த வியப்பின் தொடர்ச்சியை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

எழுத்தும் பல்லும்

தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்துகள் பிறக்கும் இடங்களாகவும் அவற்றைப் பிறப்பிக்கும் உறுப்புகளாகவும் எட்டினைக் குறிப்பிடுகிறது. தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றோடு பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவை அவ்வெட்டில் அடங்கும். மேற்பல்லின் அடியை நாவின் நுனி பரந்து பொருந்தும்போது தகர நகரங்கள் பிறக்கின்றன. மேற்பல் கீழிதழோடு இயையும்போது வகரம் பிறக்கிறது. பல் இல்லாத வாயில் இவ்வெழுத்துகள் காற்றாகக் கசிந்து உருக்குலைகின்றன. 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்னும் பழமொழி பல்லின் ஒரு பணியைத்தான் சொல்கிறது. பல்லை இழந்தவர் உணவோடு பேச்சையும் ஓரளவு இழக்கிறார். பிறர் முன்னிலையில் வாய்விட்டுச் சிரிப்பதற்கும் கூசுகிறார்.

பற்கள் அனைத்தையும் இழந்தவருக்குக் கழற்றி மாட்டும் பல்செட்டு துணையாகிறது. அது ஈற்றின்மீது அமர்ந்திருக்கிறதேயன்றி எலும்பில் ஊன்றி நிற்பதில்லை. மேல்தாடையில் அகன்ற அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ள அதற்கு இடமுண்டு. கீழ்த்தாடையிலோ நாக்கு அசையும்போதெல்லாம் அது வழுக்கி எழுகிறது.

இதனினும் பெரிய இடர்ப்பாடு ஈற்றுக்குக் கீழே நிகழ்கிறது. வேர் எலும்பில் நிற்கும்வரை, மெல்லும் ஒவ்வொரு முறையும் அதன் வழியாக எலும்புக்கு அழுத்தம் சென்று சேர்கிறது. பல் போனபின் அந்த அழுத்தம் நின்றுவிடுகிறது. வேலையில்லாத எலும்பை உடல் கரைத்துக்கொள்கிறது. ஒரு பல் பிடுங்கப்பட்ட ஓராண்டிற்குள் அவ்விடத்து எலும்பு முகட்டின் அகலத்தில் ஏறத்தாழப் பாதி குறைந்துவிடுவதை 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. அக்குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நேர்ந்துவிடுகிறது. பல்செட்டு அணிந்தோரை இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1972இல் வெளியிடப்பட்ட மற்றோர் ஆய்வு, கீழ்த்தாடை மேல்தாடையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்கிறது என்று தெரிவித்தது. ஆகவே முதலில் கச்சிதமாகப் பொருந்திய பல்செட்டு சில ஆண்டுகளில் தளர்கிறது. பற்றிக்கொள்ள முகடே இல்லாத நிலையும் சிலருக்கு வந்துவிடுகிறது.

தோற்ற முயற்சிகள்

எலும்பில் ஏதேனும் ஒன்றை ஊன்றி அதன்மேல் பல்லை நிறுத்தலாமே என்னும் எண்ணம் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பியரும் அமெரிக்கரும் பல்வேறு உலோகங்களால் ஆன திருகுகள், சுருள்கள், தகடுகள் ஆகியவற்றைத் தாடைக்குள் பொருத்திப் பார்த்தனர். சுவீடனைச் சேர்ந்த குஸ்தாவ் டால் 1940களில் எலும்பின் மேற்பரப்பில், ஈற்றுக்கு அடியில், உலோகச் சட்டகத்தை வைத்துத் தைத்தார். இவற்றுள் சில ஓரிரு ஆண்டுகள் நின்றன. பல, சீழ்பிடித்து வெளிவந்தன.

தோல்விக்கான காரணம் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிந்தது. அயற்பொருள் உள்ளே வந்ததும் உடல் அதைச் சுற்றி நார்த்திசுவால் ஓர் உறை பின்னிவிடுகிறது. காலில் ஏறிய முள்ளைச் சுற்றித் தசை தடிப்பது போன்றதே இது. எலும்புக்கும் உலோகத்துக்கும் இடையில் இந்த மெத்தை வந்துவிட்டால் உலோகம் அசையத் தொடங்கும். அசைவு கூடக்கூட மெத்தையும் தடிக்கும். வாயிலுள்ள நுண்ணுயிரிகள் அவ்வழியே உள்ளிறங்கும். சிலர் இந்த மெத்தையை இயற்கைப் பல்லின் வேரைச் சூழ்ந்துள்ள மெல்லிய இணைப்புத் திசுவுக்கு நிகரானது என்று வாதிட்டு ஆறுதல் தேடினர். எலும்பு உலோகத்தை நேரடியாக ஏற்பதில்லை என்பதே அனைவரும் ஒப்பிய கருத்தாயிற்று.

தெரியுமா?

நடு அமெரிக்க நாடான ஹோண்டுராசில் 1931ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்ட கீழ்த்தாடை ஒன்றில், முன்பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் பல் வடிவில் செதுக்கிய மூன்று சிப்பித் துண்டுகள் பதிந்திருந்தன. அது ஏறத்தாழக் கி.பி. 600ஆம் ஆண்டைச் சேர்ந்த மாயா நாகரிகத்து எச்சம். இறந்தவருக்குச் செய்த சடங்கு என்றே அதனை முதலில் கருதினர். 1970இல் அதனை ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, சிப்பியைச் சுற்றிப் புதிய எலும்பு வளர்ந்திருந்தது தெரியவந்தது. உயிரோடு இருந்தபோதே அவை பொருத்தப்பட்டிருந்தன.

முயலின் கால் எலும்பு

பெர்-இங்வார் பிரோனெமார்க் 1929ஆம் ஆண்டு தெற்குச் சுவீடனின் கார்ல்ஸ்ஹாம்ன் நகரில் பிறந்தவர். லுண்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற அவரை ஈர்த்தது எலும்பு மச்சையில் ஓடும் குருதி. இறந்த எலும்பைச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது அவருக்கு நிறைவளிக்கவில்லை. உயிருள்ள எலும்புக்குள் குருதியணுக்கள் நகர்வதை அந்நேரமே காண விரும்பினார். அதற்காக, நடுவில் ஒளி ஊடுருவும் சாளரம் கொண்ட மெல்லிய உலோகக் கூடு ஒன்றை வடிவமைத்தார். முயலின் கால் எலும்பில் துளையிட்டு அதனைத் திருகிப் பொருத்தினால், சாளரத்தின் வழியே வளரும் திசுவை நாள்தோறும் பார்க்கலாம்.

கூட்டினை எந்த உலோகத்தால் செய்வது என்னும் வினா எழுந்தது. இடுப்பு மூட்டு அறுவைக்கு ஏற்ற உலோகங்களை லுண்டில் ஆராய்ந்துகொண்டிருந்த எலும்பு மருத்துவர் ஹான்ஸ் எம்னேயஸ், டைட்டானியத்தைப் பரிந்துரைத்தார். அக்காலத்தில் அது புதுமையான உலோகம். டைட்டானியம் 1790களிலேயே அறியப்பட்டிருந்தாலும், தூய நிலையில் போதிய அளவு கிடைக்கத் தொடங்கியது 1940களின் இறுதியில்தான். அதன் தாதுவான இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலிலும் நிறைந்துள்ளது.

1952ஆம் ஆண்டளவில் நடைபெற்ற அந்த ஆய்வு முடிந்ததும், கூடுகளை எடுத்து மற்றொரு முயலுக்குப் பயன்படுத்த பிரோனெமார்க் முற்பட்டார். நுட்பமாகக் கடைந்து செய்யப்பட்ட, விலையுயர்ந்த கருவிகள் அவை. ஆனால் அவை வரவில்லை. எலும்பு, டைட்டானியத்தின் திருகு மரைகளுக்குள் புகுந்து இறுகியிருந்தது. எலும்பை உடைக்காமல் உலோகத்தைப் பிரிக்க இயலவில்லை. இடையில் இருந்திருக்க வேண்டிய நார்த்திசு மெத்தை அங்கே இல்லை.

ஆய்வுக் கருவி பாழாயிற்றே என்று வருந்தி அதை அவர் விட்டிருக்கலாம். அவ்வாறு கருவிகள் பாழானதை முன்னரும் எத்தனையோ பேர் கண்டிருக்கக்கூடும். கோதென்பர்க் பல்கலைக்கழகத்துக்கு 1960இல் இடம்பெயர்ந்தபோது பிரோனெமார்க் குருதியோட்ட ஆய்வையும் விடவில்லை, சிக்கிய உலோகத்தையும் மறக்கவில்லை. தன்னார்வலர்களின் மேற்கைத் தோலுக்குள் சிறிய டைட்டானியக் கூடுகளைப் பொருத்திக் குருதியோட்டத்தை ஆராய்ந்தார். மாதக்கணக்கில் உடலுக்குள் இருந்தும் அவை அழற்சியை உண்டாக்கவில்லை. விபத்தாக நேர்ந்ததை வேண்டுமென்றே நிகழ்த்த முடியுமா என்னும் வினா, அவர் ஆய்வுக்கூடத்தின் முதன்மை வினாவாயிற்று. நாய்களின் பற்களை அகற்றி, தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பதித்து, அவற்றின்மேல் செயற்கைப் பற்களைப் பொருத்தி ஆண்டுக்கணக்கில் கவனித்தார். அவை அசையவில்லை.

முதல் நோயாளி

1965ஆம் ஆண்டு அவரிடம் வந்தவருக்கு அகவை முப்பத்துநான்கு. பிறவியிலேயே அண்ணப்பிளவும் தாடைக் குறைபாடும் உடையவர், பற்களும் இல்லை. பல்செட்டைத் தாங்கும் வடிவம் அவர் தாடைக்கு இல்லாததால், அன்றைய பல் மருத்துவத்திடம் அவருக்கென்று கொடுப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. மெல்ல இயலவில்லை; பேச்சும் பிறருக்கு விளங்குவது அரிதாக இருந்தது.

பிரோனெமார்க் அவருடைய கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகளைப் பதித்து, ஈற்றை மீண்டும் மூடித் தைத்தார். பற்களை உடனே பொருத்தவில்லை. எலும்பு உலோகத்தைப் பற்றிக்கொள்வதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தபின்னரே, திருகுகளின் தலையைத் திறந்து அவற்றின்மேல் நிலைத்த பல்வரிசையைப் பொருத்தினார். அம்மனிதர் உண்டார், பேசினார். 2006ஆம் ஆண்டு அவர் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அந்தத் திருகுகள் அவர் வாயில் பணி செய்தன.

இங்கே ஒன்றைக் கருதிப் பார்க்க வேண்டும். நாய்களில் கண்ட வெற்றியைத் தவிர வேறு சான்று மருத்துவரிடம் இல்லாதபோது, அந்த நோயாளி தம் தாடையை ஒப்படைத்தார். வரலாற்றில் பெயர் நிலைப்பது பெரும்பாலும் ஆய்வாளருக்கே. துணிவில் பாதிப் பங்கேனும் நோயாளியுடையது.

ஐயத்தின் ஆண்டுகள்

பல் மருத்துவ உலகம் இச்செய்தியை மகிழ்ந்து வரவேற்கவில்லை. பிரோனெமார்க் பல் மருத்துவர் அல்லர், உடற்கூற்றியல் அறிஞர். எலும்பு உலோகத்தை ஏற்பதில்லை என்று பாடநூல்கள் அனைத்தும் கூறியபோது, வேற்றுத்துறையினர் ஒருவர் ஏற்கிறது என்றார். முன்னைய உலோகங்களால் சீழ்பிடித்த தாடைகளுக்கு மருத்துவம் செய்து சலித்திருந்தவர்கள் அவரை நம்ப மறுத்தது முற்றிலும் குற்றமன்று. எலும்பைச் சீவாமல் உலோகத்தோடு சேர்த்து மெல்லிய படலமாக அறுத்துக் காட்டும் நுட்பம் அப்போது அவரிடம் இல்லை. உலோகத்தைப் பிடுங்கினால் எலும்போடு அது ஒட்டியிருந்த இடமும் அழிந்துவிடும். ஆகவே, மெத்தை இல்லை என்பதைக் கண்ணுக்குக் காட்டுவது எளிதாக இருக்கவில்லை.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஆந்த்ரே ஷ்ரோடர் தலைமையிலான குழு, தனித்து ஆராய்ந்து, எலும்பையும் டைட்டானியத்தையும் ஒருங்கே அறுத்துப் படம் எடுத்தது. 1976இல் வெளிவந்த அப்படங்களில் இரண்டும் இடைவெளியின்றிப் பொருந்தியிருந்தன. இதே காலத்தில் பிரோனெமார்க் குழுவினர், இந்நிகழ்வுக்கு ஆசியோஇன்டகிரேஷன் என்று பெயரிட்டு, பத்தாண்டு அனுபவத்தை 1977இல் நூலாக வெளியிட்டனர். எலும்பிணைவு என்று அதனைத் தமிழில் கூறலாம்.

அக்காலத்தில் பிற பதியங்களிடம் மருத்துவ உலகம் எதை எதிர்பார்த்தது என்பதை நோக்கினால் இந்த வேறுபாடு விளங்கும். 1978இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர் மாநாடு, நூற்றுக்கு எழுபத்தைந்து பதியங்கள் ஐந்து ஆண்டுகள் பயன்பட்டால் அம்முறையை வெற்றியெனக் கொள்ளலாம் என்று வரையறுத்தது. ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான அசைவையும் அது பொறுத்துக்கொண்டது. கோதென்பர்க்கிலோ அசையும் பதியம் தோற்ற பதியமாகவே எண்ணப்பட்டது.

ராக்னார் அடெல் முதன்மை ஆசிரியராக 1981இல் வெளியிட்ட பதினைந்து ஆண்டு ஆய்வறிக்கை எண்களால் பேசியது. 371 நோயாளிகளின் தாடைகளில் 2768 திருகுகள் பதிக்கப்பட்டிருந்தன. முழுமையாகக் கவனிக்கப்பட்ட பிரிவில், மேல்தாடையில் நூற்றுக்கு 81 திருகுகளும் கீழ்த்தாடையில் நூற்றுக்கு 91 திருகுகளும் உறுதியாக நின்றன. தொடக்க ஆண்டுகளின் தோல்விகளையும் மறைக்காமல் அந்த அறிக்கை பதிவு செய்திருந்தது. அதன் வலிமைக்கு அதுவும் ஒரு காரணம்.

கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் ஜார்ப், சுவீடனில் கண்ட முடிவுகள் பிற நாட்டிலும் கிடைக்கின்றனவா என்பதை 1970களின் இறுதியில் தாமே சோதிக்கத் தொடங்கினார். கிடைத்தன. 1982ஆம் ஆண்டு மே மாதம் அவர் டொராண்டோவில் கூட்டிய மாநாட்டில் வட அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகளின் பேராசிரியர்கள் பிரோனெமார்க்கின் சான்றுகளைக் கேட்டனர். அதன்பின் எலும்பிணைவு உலகெங்கும் பாடமாயிற்று. முதல் நோயாளியின் வாயில் திருகுகள் பதிந்து அப்போது பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வெப்பமும் காத்திருப்பும்

டைட்டானியம் காற்றில் பட்ட மாத்திரத்தில் அதன் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் உருவாகிறது. அப்படலத்தின் தடிப்பு சில நானோமீட்டர் அளவே. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. இரும்பில் துரு உதிர்வதுபோல் இது உதிர்வதில்லை. கீறல் விழுந்தாலும் நொடிப்பொழுதில் மீண்டும் மூடிக்கொள்கிறது. உண்மையில் எலும்பு தொடுவது உலோகத்தை அன்று, இந்தப் படலத்தைத்தான். உடல்நீர்மத்தில் கரையாமலும் செல்களுக்கு ஊறு செய்யாமலும் அது அமைதியாக இருப்பதால், உறை பின்ன வேண்டிய தேவை உடலுக்கு எழுவதில்லை.

ஆயினும் டைட்டானியம் மட்டுமே போதுமானதன்று. முன்னரும் டைட்டானியத்தைப் பயன்படுத்தித் தோற்றவர்கள் உண்டு. அறுவை செய்யும் முறையிலும் மறைபொருள் இருந்தது. துரப்பணம் விரைந்து சுழலும்போது எலும்பு சூடேறுகிறது. எலும்பின் வெப்பநிலை ஒரு நிமிட நேரம் 47 டிகிரி செல்சியசுக்கு உயர்ந்தாலே அதன் செல்கள் பாதிப்படைந்து, புதிய எலும்பு தோன்றுவது தடைப்படுகிறது என்று எரிக்சன், அல்பிரெக்ட்சன் ஆகியோர் 1983இல் முயல்களில் காட்டினர். வெந்நீர்க் குளியலின் சூட்டைவிட அது பெரிதும் கூடுதலன்று. ஆகையால் உப்புநீரை ஊற்றிக் குளிர்வித்தபடி, படிப்படியாகப் பருமன் கூடும் அலகுகளால், மெதுவாகத் துளையிட வேண்டும். உளி கொண்டு மரம் கொத்தும் தச்சர்கூட மரத்தின் ஓட்டம் அறிந்தே கொத்துவார். உயிருள்ள எலும்பு அதைவிடக் கவனத்தை வேண்டுகிறது.

அடுத்தது காத்திருப்பு. பதித்த முதல் வாரங்களில் திருகைப் பிடித்திருப்பது வெறும் இறுக்கமே. பின்னர், எலும்பைக் கரைக்கும் செல்கள் துளையின் ஓரத்தில் சிதைந்த பகுதியை அகற்றுகின்றன. எலும்பைக் கட்டும் செல்கள் அவற்றைத் தொடர்ந்து வந்து புதிய எலும்பைப் படியவைக்கின்றன. பழைய பிடி தளர்ந்து புதிய பிடி முற்றுப்பெறாத இடைக்காலம் ஒன்று உண்டு. அப்போது திருகு ஏறத்தாழ 150 மைக்ரான், அதாவது இரு தலைமயிர்களின் தடிப்பளவு அசைந்தாலே, எலும்புக்கு மாறாக நார்த்திசு வளர்ந்துவிடும். கீழ்த்தாடைக்கு மூன்று மாதங்களும், எலும்பு மென்மையாக உள்ள மேல்தாடைக்கு ஆறு மாதங்களும் சுமையின்றி விட்டுவைக்க வேண்டும் என்று பிரோனெமார்க் வகுத்த விதி இதனால்தான் பிழைத்தது. முன்னோடிகள் பலர் அவசரப்பட்டுப் பல்லைப் பொருத்தியதே அவர்கள் தோல்விக்குக் காரணமாயிருக்கலாம். இன்று மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய திருகுகள் வந்தபின் இக்காலம் பெரிதும் குறைந்துள்ளது.

துளையின் அளவு

எலும்பைப் பற்றிக்கொள்ளும் திருகு கிடைத்தது. திருகைப் பற்றிக்கொள்ள எலும்பே இல்லாதவருக்கு என்ன செய்வது? நீண்டகாலம் பல்லின்றி இருந்தவருக்கும் விபத்திலோ நோயிலோ தாடையின் ஒரு பகுதியை இழந்தவருக்கும் இவ்வினா பொருந்தும். இடுப்பெலும்பிலிருந்து வெட்டி எடுத்து வைப்பது பழைய வழி. அதற்கு இன்னொரு காயம் வேண்டும். எலும்பு வந்து குடியேறத்தக்க ஒரு வெற்றுக் கட்டடத்தை வேறு பொருளால் கட்டித் தரலாமா என்று பொருளியல்பு அறிஞர்கள் எண்ணினர். குடியேற அறைகள் வேண்டும். அறைகளே நுண்துளைகள்.

துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? அமெரிக்க அறிஞர் ஹல்பர்ட் தம் குழுவினருடன், வெவ்வேறு அளவுத் துளைகள் கொண்ட பீங்கான் வில்லைகளை நாய்களின் தொடை எலும்பில் பதித்துப் பார்த்து 1970இல் முடிவை வெளியிட்டார். மிகச் சிறிய துளைகளில் நார்த்திசு மட்டுமே நுழைந்தது. அவற்றினும் சற்றுப் பெரியவற்றில் சுண்ணமேறாத இளம் எலும்புத் திசு நுழைந்தது. துளைகளை இணைக்கும் வழி 100 மைக்ரானுக்குக் குறையாமல் இருந்த இடங்களில் மட்டுமே முதிர்ந்த எலும்பு வளர்ந்தது. ஒரு சிவப்பணுவின் விட்டம் ஏழெட்டு மைக்ரானே ஆதலால், சில பத்து மைக்ரான் வழியே போதாதா என்று தோன்றலாம். எலும்பு தனியே வருவதில்லை. குருதி நாளங்களை உடன் அழைத்து வருகிறது. நாளத்திலிருந்து 100 முதல் 200 மைக்ரான் தொலைவைத் தாண்டினால் செல்லுக்கு உயிர்வளி எட்டுவதில்லை. வாசல் குறுகினால் நாளம் நுழையாது. நாளம் நுழையாத அறையில் எலும்பு வாழாது.

துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதும் அளவைப்போலவே இன்றியமையாதது. மூடிய அறைகள் நிறைந்த பொருள் எலும்புக்குப் பயன்படாது. 1970களின் தொடக்கத்தில் இந்த இணைப்பைத் தொழிற்சாலையில் உருவாக்குவது கடினமாயிருந்தது. கடலோ அதைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவந்தது. பவளப்பூச்சிகள் கட்டும் சுண்ணாம்புக் கூட்டில் துளைகள் சீராகவும் முழுதும் இணைந்தும் உள்ளன. போரைட்டீசு இனத்துப் பவளத்தின் துளைகள் ஏறத்தாழ 200 மைக்ரானும், கோனியோபோரா இனத்தின் துளைகள் ஏறத்தாழ 500 மைக்ரானும் அகன்றவை. எலும்புக்குத் தேவையான அளவு அதுவே.

ஆனால் பவளம் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. எலும்பின் கனிமமோ கால்சியம் பாஸ்பேட் வகையைச் சேர்ந்தது. பவளத்தை அப்படியே வைத்தால் உடல் விரைவில் கரைத்துவிடுகிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டெல்லா ராய், லின்னஹன் ஆகிய இருவரும் பவளத்தைப் பாஸ்பேட் கரைசலில் இட்டு உயர்ந்த அழுத்தத்தில் சூடேற்றினர். கார்பனேட் விலகி அவ்விடத்தைப் பாஸ்பேட் பிடித்துக்கொண்டது. துளைகளின் வடிவம் சிறிதும் மாறவில்லை. கூடு பவளத்தினுடையதாகவும் பொருள் எலும்பினுடையதாகவும் ஆயிற்று. 1974இல் வெளியான இவ்வாய்வின் வழியே உருவான துண்டுகள் தாடைக் குழிகளை நிரப்பப் பயன்பட்டன. பவளப்பாறைகள் அருகிவருவதால், இன்று பீங்கான் துகள்களைக் கொண்டு ஆய்வுக்கூடத்திலேயே துளைகளை அமைக்கும் முறைகளே மிகுதி. மன்னார் வளைகுடாவில் உள்ளவை உட்பட நம் நாட்டுப் பவளங்கள் சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டவை.

தாடையை மீட்டல்

துளைமிக்க பீங்கான் எலும்புக்கு இனியது, ஆனால் நொறுங்கும். கைவிரலால் அழுத்தினாலே உடையும் துண்டை, கடைவாய்ப் பற்கள் மெல்லும் விசைக்கு நடுவே நிறுத்த முடியாது. சிறு குழியை நிரப்ப அது உதவும். தாடையின் பாதியை இழந்தவருக்கு உதவாது. புகையிலையும் வெற்றிலைப் பாக்கோடு சேர்த்து மெல்லும் பொருள்களும் வாய்ப்புற்றைப் பெருக்கியுள்ள நம் நாட்டில், உயிரைக் காக்கத் தாடையை வெட்டியெடுக்க நேர்வது அரிய நிகழ்வன்று.

நியூயார்க் அறுவை மருத்துவர் டேவிட் ஹிடால்கோ, கணைக்காலின் மெலிந்த சிற்றெலும்பை அதன் குருதி நாளங்களோடு எடுத்து, வளைத்து வெட்டித் தாடையாக அமைத்து, நாளங்களைக் கழுத்து நாளங்களோடு நுண்ணோக்கியின் துணையால் தைத்தார். 1989இல் அவர் வெளியிட்ட அம்முறை இன்றும் தாடை மீட்பின் முதன்மை வழி. உடலின் எடையைப் பெரிதும் கணைக்காலின் பெரிய எலும்பே தாங்குவதால் சிற்றெலும்பின் நடுப்பகுதியை இழந்தும் மனிதர் நடக்க முடிகிறது. இவ்வாறு அமைந்த தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பதித்துப் பற்களையும் நிறுத்துகின்றனர். காலின் எலும்பு வாயில் உணவை மெல்கிறது.

நோயாளியின் உடல்நிலை இத்தகைய நீண்ட அறுவையைத் தாங்காதபோது உலோகத் தாடை ஒரு வழியாகிறது. திண்மையான டைட்டானியம் எலும்பைவிட ஐந்தாறு மடங்கு விறைப்பானது. சுமையை விறைப்பான உலோகமே தாங்கிக்கொண்டால் அருகிலுள்ள எலும்பு வேலையற்றுத் தேய்கிறது. சுமைக்கேற்ப எலும்பு தன்னை மாற்றியமைக்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இலேயே எழுதியிருந்தார். இங்கும் துளைகளே கைகொடுக்கின்றன. டைட்டானியத்தை நுண்துளைச் சட்டகமாக அமைத்தால் விறைப்பு குறைந்து எலும்பை நெருங்குகிறது. எலும்பு உள்ளே வளரவும் இடம் கிடைக்கிறது. வார்ப்பிலும் கடைசலிலும் அமைக்க இயலாத இத்தகைய உள்ளமைப்பை, டைட்டானியத் தூளைச் சீரொளியால் படலம் படலமாக உருக்கி அச்சிடும் முப்பரிமாண முறை எளிதாக்கிற்று.

2011ஆம் ஆண்டு நெதர்லாந்தில் எண்பத்து மூன்று அகவை கொண்ட மூதாட்டி ஒருவருக்கு, தாடையெலும்பில் பரவிய கடும் தொற்றினால் கீழ்த்தாடை முழுவதையும் அகற்ற வேண்டியதாயிற்று. பெல்ஜியம், நெதர்லாந்து வல்லுநர்கள் அவருடைய தாடையின் வடிவத்தை அளந்து, டைட்டானியத் தூளால் முழுத் தாடையை அச்சிட்டு, பீங்கான் பூச்சிட்டுப் பொருத்தினர். அதன் எடை 107 கிராம். இயற்கைத் தாடையைவிட முப்பது கிராமளவே கூடுதல். மறுநாளே அவர் பேசினார், விழுங்கவும் செய்தார்.

துளைக்குள் நுழைவோர்

துளை எலும்பை மட்டும் அழைப்பதில்லை. வாயில் வாழும் பாக்டீரியாவின் அளவு ஒரு மைக்ரான் அளவினது. எலும்புக்கென்று 100 மைக்ரான் வாசல் திறந்துவைத்தால் அவை கூட்டமாகவே நுழையும். உடலின் பிற எலும்புகளில் பெரும்பாலும் பதியம் தோலுக்குள் மறைந்திருக்கிறது. பல் பதியமோ ஈற்றைக் கிழித்து, எச்சிலும் உணவும் நுண்ணுயிரிகளும் நிறைந்த வாய்க்குள் தலைநீட்டி நிற்க வேண்டியுள்ளது. ஈற்றோரத்தில் அழற்சி தொடங்கினால் அது மரையின் வழியே இறங்கி, பல்லாண்டுகளாக இறுகியிருந்த எலும்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. சொரசொரப்பான மேற்பரப்பு ஒருமுறை வாய்க்கு வெளிப்பட்டுவிட்டால் அதனைத் துப்புரவாக்குவது கடினம். புகைப்பவர்களிடமும், ஈற்றுநோய் இருந்தவர்களிடமும் இச்சிதைவு கூடுதலாகக் காணப்படுகிறது.

இயற்கைப் பல்லுக்கு உள்ள ஒரு காவல் பதியத்துக்கு இல்லை. பல்லின் வேரைச் சூழ்ந்த இணைப்பு நார்கள் ஈற்றையும் வேரையும் தைத்ததுபோல் பிணைத்திருக்கின்றன. அழுத்தத்தை உணரும் நரம்புகளும் அங்குண்டு. எலும்பிணைவில் அந்நார்கள் இல்லை. மெத்தை இல்லாமையே பதியத்தின் வலிமை. காவல் இல்லாமையும் அதனோடு சேர்ந்தே வந்தது.

ஆகவே இன்றைய பதியம் பலவற்றில் இருவேறு மேற்பரப்புகள் அமைகின்றன. எலும்புக்குள் இறங்கும் பகுதி மணல் வீசியும் அமிலத்தில் தோய்த்தும் சொரசொரப்பாக்கப்படுகிறது. ஈற்றைத் தாண்டும் கழுத்துப் பகுதி கண்ணாடிபோல் மெருகேற்றப்படுகிறது. அந்தக் கழுத்தின் உயரம் ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே. பல் கட்டி முடித்து நோயாளியை அனுப்பும்போது மருத்துவர் அந்த ஓரிரு மில்லிமீட்டரைக் கண்ணாடியில் காட்டி, அவ்விடத்தை நாளும் எப்படித் துலக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்.